மறுபடி வளர்வது வேறு, மறுபடி இணைவது வேறு

கேட்டவர் முதுகலை உயிரியல் படிக்கும் மாணவி. கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "செடியின் ஒரு துண்டிலிருந்து முழுச்செடி வருகிறது. பிளனேரியா என்ற தட்டைப்புழுவின் வால் துண்டிலிருந்து மூளையே முளைக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? தாவரத் திசு, முதுகெலும்பில்லாத உயிர்களின் நரம்பு மண்டலம் இரண்டையும் சேர்த்துப் படிப்பதால் என்ன பயன்? தண்டுவடம் அடிபட்ட மனிதருக்கு இது என்றைக்காவது உதவுமா? நான் எந்தப் பக்கம் போவது?"

நான் சில வருடங்கள் திசு வளர்ப்பு ஆய்வகத்திலும், பிறகு பிளனேரியா வளர்க்கும் ஆய்வகத்திலும் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒன்றா என்ற கேள்வி உங்களுக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. 1740-ல், நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் பக்கத்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஆபிரகாம் டிரம்ப்ளே. குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து வைத்தபோது அதில் பச்சை நிறத்தில் சின்னச் சின்ன உருவங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. செடி மாதிரி நின்றன. தொட்டால் சுருங்கின. செடியா, பிராணியா? அவர் ஒரு வழி யோசித்தார். வெட்டிப் பார்ப்போம், இரண்டு துண்டும் பிழைத்து வளர்ந்தால் செடி, இல்லையென்றால் பிராணி. வெட்டினார். இரண்டு துண்டும் முழு உருவமாக வளர்ந்தன. அப்படியானால் செடி என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்த உருவம் நகர்ந்தது, இரையைப் பிடித்து விழுங்கியது. அதைத்தான் இன்று ஹைட்ரா என்கிறோம். வெட்டினால் வளர்வது செடிக்கு மட்டும் உரிய குணம் என்ற எண்ணம் அந்தக் குடுவையிலேயே உடைந்துபோனது.

அந்தப் பரிசோதனையில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. புதிதாக வளர்ந்த பாதி பழைய பாதியோடு சேர்ந்து ஒரே உடம்பாகச் சுருங்கியது, ஒரே உடம்பாக இரையைப் பிடித்தது. அப்படியென்றால் உறுப்பு வளர்ந்ததோடு நிற்காமல், பழையதோடு அது இணைந்தும் இருக்கிறது. என் பதில் முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான். மீளுருவாக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. புதுச் செல்கள் எதிலிருந்து வரும்? வந்தவை எங்கே நின்று என்னவாக மாறும்? மாறியவை பழையதோடு எப்படிச் சேரும்? செடியில் முதல் இரண்டைத் தெளிவாகப் படிக்கலாம். மூன்றாவதுதான் நரம்பு மண்டலத்தின் தலைவலி.

செடியில் ஆரம்பிக்கிறேன். 1902-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹேபர்லாண்ட், தனியாகப் பிரித்த செடிச் செல்லைச் சத்துக் கரைசலில் வளர்க்கலாம், அதிலிருந்து கருவையே வரவழைக்கலாம் என்று எழுதினார். அவர் வளர்த்த செல்கள் கொஞ்சம் பருத்தன, உயிரோடு இருந்தன, ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. எண்ணம் சரி, செல்களைப் பிரியவைக்கும் ஹார்மோன்கள்தான் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்த ஹார்மோன் கிடைத்த விதத்தை நான் யாருக்குச் சொன்னாலும் உற்சாகமாகிவிடுவேன். 1941-ல் யோஹானஸ் வான் ஓவர்பீக் ஊமத்தையின் மிகச் சிறிய கருக்களுக்குத் தேங்காய்த் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார். கருக்கள் வளர்ந்தன. தேங்காய்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அது எது என்றுதான் தெரியவில்லை. விஸ்கான்சினில் ஃபோக் ஸ்கூக்கின் ஆய்வகத்தில் கார்லோஸ் மில்லர் ஒவ்வொரு பொருளாகச் சோதித்துக்கொண்டே வந்தார். ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. பழைய புட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. அதைக் கொடுத்ததும் புகையிலைச் செல்கள் பிரிந்தன. மகிழ்ச்சியோடு புதுப் புட்டி வாங்கினால் அது வேலை செய்யவில்லை. புதியதை ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் வேகவைத்த பிறகுதான் பலன் வந்தது. டி.என்.ஏ. சிதைந்து உண்டான ஒரு சிறு மூலக்கூறுதான் அந்த வேலையைச் செய்திருக்கிறது. 1955-ல் அதற்குக் கைனெட்டின் என்று பெயர் வைத்தார்கள். சைட்டோகைனின் என்ற ஹார்மோன் குடும்பத்துக்கு அதுவே வாசல்.

1957-ல் ஸ்கூக்கும் மில்லரும் வெளியிட்ட முடிவு இன்றும் எல்லாத் திசு வளர்ப்பு ஆய்வகத்திலும் தினமும் நடக்கிறது. ஒரே புகையிலைத் தண்டின் உட்சோறு. ஊடகத்தில், அதாவது அது வளரும் சத்துக் கலவையில், ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் தூக்கலாக இருந்தால் வேர் வருகிறது. சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர் வருகிறது. இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் உருவமில்லாத ஒரு கட்டியாக வளர்ந்துகொண்டே போகிறது, அதுதான் காலஸ். 1962-ல் முராஷிகியும் ஸ்கூக்கும் தயாரித்த ஊடகத்தை இன்றைக்கும் அப்படியே கரைக்கிறோம். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, அமிலத்தன்மை 5.7 அல்லது 5.8, கெட்டியாக அகார்.

காலஸைப் புத்தகப் படத்தில் பார்ப்பது போதாது, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலைத் துண்டை வைத்து ஒரு வாரம் ஒன்றும் நடக்காது. துண்டு லேசாக வளைந்து, ஓரம் தடிக்கும். அப்புறம் வெட்டிய விளிம்பில் மட்டும் வெளிர்மஞ்சளாக, ஈரமான சர்க்கரைப் பொடி ஒட்டியதுபோல ஏதோ தெரியும். இடுக்கியால் தொட்டால் உதிரும். அதைத் தளிர் ஊடகத்துக்கு மாற்றினால் சில வாரங்களில் அங்கங்கே பச்சைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு செடியாகப் போகிறது என்று தெரிந்தும், முதல் இலை விரியும்போது மனம் ஒவ்வொரு தடவையும் துள்ளத்தான் செய்கிறது.

1958-ல் எஃப். சி. ஸ்டூவர்டும், தனியாக ரைனர்ட்டும் கேரட் செல்களிலிருந்து கரு போன்ற உருவங்களை வரவழைத்தார்கள். 1965-ல் விமலா வாசிலும் ஹில்டெப்ராண்ட்டும் தனியாகப் பிரித்து வளர்த்த ஒற்றைப் புகையிலைச் செல்லிலிருந்து பூக்கும் செடியையே கொண்டுவந்தார்கள். இங்கிருந்துதான் "எந்தச் செடிச் செல்லும் எதுவாகவும் ஆகும்" என்ற வாசகம் பாடப்புத்தகத்தில் ஏறியது. காலஸ் என்றால் செல்கள் தங்கள் அடையாளத்தை எல்லாம் மறந்து எழுத்து அழிந்த வெறும் பலகையாகிவிட்ட நிலை என்றும் எழுதிவைத்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் படித்ததைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். 2010-ல் கைகோ சுகிமோட்டோவும் எலியட் மேயரோவிட்ஸும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் பார்த்தபோது, காலஸ் வெறும் பலகையாக இல்லை. வேரிலிருந்து எடுத்தாலும் சரி, இதழிலிருந்து எடுத்தாலும் சரி, அதன் மரபணுச் செயல்பாடு பக்கவேர் முளைக்கும்போது இருப்பதைப் போலவே இருந்தது. பக்கவேர் முளைக்க முடியாத மரபணு மாற்றச் செடியில் காலஸும் சரியாக வரவில்லை. அதாவது காலஸ் ஆகிற செல் பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் மறந்துவிடவில்லை. தனக்குள் ஏற்கெனவே இருக்கும் பக்கவேர்ப் பாதையில் காலெடுத்து வைக்கிறது. முதல் கேள்விக்கு, புதுச் செல் எதிலிருந்து வருகிறது என்பதற்கு, "எதிலிருந்தும்" என்று சொல்வது சுலபம். "எந்தப் பாதையில் நுழைந்து" என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பிடித்த பரிசோதனை வேர்நுனி. அராபிடாப்சிஸ் நாற்றின் வேர் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் அதன் நுனியை வெட்ட வேண்டும், நுனியிலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் தூரத்தில். மூச்சை அடக்கிக்கொண்டுதான் வெட்டுவோம். வெட்டிய வேருக்கு எது கீழ் என்று தெரியாது. புவியீர்ப்பை உணரும் மாவுச்சத்து மணிகள் நுனியோடு போய்விட்டன. நாற்று வளரும் தட்டைத் திருப்பி வைத்தால் வேர் வளைய வேண்டிய பக்கம் வளையாமல் நேராகவே போகும். ஓரிரு நாள் கழித்து அயோடின் கரைசல் விட்டால் புது நுனியில் கருநீல மணிகள் தெரியும். அப்புறம் தட்டைத் திருப்பினால் வேர் கீழ்நோக்கி வளையும். இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி வெட்டினால் இந்தத் திறன் சட்டென்று குறைந்துவிடும். நூறு மைக்ரான், அதாவது அதே பத்தில் ஒரு மில்லிமீட்டர், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே வேரின் விதியை முடிவு செய்கிறது.

2009-ல் ஜியோவானி சேனாவும் கென்னத் பிர்ன்பாமும் சேர்ந்து இதில் காட்டியது முக்கியம். வேர்நுனியில் தொடர்ந்து புதுச் செல்களைத் தரும் ஸ்டெம் செல்களின் இருப்பிடம் சரியாக இயங்காத செடிகளிலும் சிறப்புச் செல்கள் திரும்ப வந்தன. வளர்ச்சியைத் தொடர்ந்து நடத்த அந்த இருப்பிடம் வேண்டும், நுனியின் அமைப்பை மறுபடி வரைய அது கட்டாயமில்லை.

செடிச் செல் சுவருக்குள் அடைபட்டது, இடம் மாற முடியாது. பக்கத்தில் யார், ஆக்சின் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் அது தன் வேலையைத் தெரிந்துகொள்கிறது. அப்படியானால் செடியில் மூன்றாவது வேலை, அதாவது இணைப்பு, கிடையாதா? உண்டு. ஒட்டுக்கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அராபிடாப்சிஸ் நாற்றுகளை ஒட்டினால் உணவு கொண்டுபோகும் ஃபுளோயம் சுமார் 3 நாளிலும், நீர் கொண்டுபோகும் சைலம் சுமார் 7 நாளிலும் இணைகின்றன. ஆனால் இங்கே ஒரு சலுகை இருக்கிறது. மேலே இருக்கும் குழாய் கீழே எந்தக் குழாயோடு சேர்ந்தாலும் தண்ணீர் ஏறிவிடும். நரம்புக்கு அந்தச் சலுகை இல்லை. விரலை உணரும் நரம்பு முழங்கைக்குப் போகவேண்டிய இடத்தில் இணைந்தால், இணையாமல் இருப்பதைவிட மோசம்.

சரி, புழுவுக்கு வருவோம்.

பிளனேரியாவை வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பட்டினி போட வேண்டும், இல்லையென்றால் குடலில் இருப்பது கசிந்து நீர் கெட்டுவிடும். ஆய்வகத்தில் அதன் சாப்பாடு அரைத்த ஈரல். வெட்டும் நாளில் குளிர்ந்த பரப்பில் ஈரமான வடிதாளை விரித்து, புழுவை அதில் விடுவோம். குளிரில் அது மந்தமாகித் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். கண்களுக்குப் பின்னால் ஒரே அழுத்தில் வெட்டு. உடனே காயம் சுருங்கி மூடிக்கொள்ளும். வால் துண்டை நீரில் விட்டால் அது தலையில்லாமலே மெதுவாக ஊர்ந்து போகும். முதல் தடவை பார்ப்பவர்கள் கொஞ்சம் பின்வாங்குவார்கள். இரண்டு மூன்று நாளில் வெட்டிய இடத்தில் நிறமில்லாத வெள்ளைத் திசு அரும்பும். நான்கைந்து நாளில் அதற்குள் இரண்டு கரும்புள்ளிகள், கண்கள். சுமார் ஒரு வாரத்தில், இரண்டு மடலும் கண் நரம்பும் உள்ள ஒரு மூளை.

இந்தப் புழுவில் புதுச் செல் எதிலிருந்து வருகிறது என்பது செடியைவிடத் தெளிவு. உடம்பு முழுவதும் நியோபிளாஸ்ட் என்ற பிரியும் செல்கள் பரவிக் கிடக்கின்றன. கதிர்வீச்சில் அவற்றை அழித்துவிட்டால் புழு எதையும் வளர்க்காது, சில வாரங்களில் செத்துப்போகும். 2011-ல் பீட்டர் ரெட்டியனின் குழு, அப்படிக் கதிர்வீச்சு கொடுத்த புழுக்களுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டைச் செலுத்தியது. சில புழுக்களில் அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள் உடம்பு முழுவதையும் மறுபடி நிரப்பின. 1898-ல் தாமஸ் ஹன்ட் மார்கன் புழுவின் 279-ல் ஒரு பங்கு துண்டுகூட முழுப்புழுவாக முடியும் என்று கணக்கிட்டிருந்தார். அதற்கு எது காரணம் என்பது ஒரு செல் அளவில் தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

எங்கே என்னவாக மாறுவது என்பதும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. 2008-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் காட்டியது இது: பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தின் மரபணுவை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் அடக்கினால், வால் முளைக்க வேண்டிய இடத்தில் தலை முளைக்கிறது. இரண்டு பக்கமும் தலை வைத்த புழு, இரண்டு பக்கமும் போகப் பார்த்து இழுபடும். 2002-ல் ஜப்பானில் கியோகாசு அகாட்டாவின் குழு இன்னொரு மரபணுவை அடக்கியபோது மூளைத் திசு தலையைத் தாண்டி உடம்பெங்கும் தோன்றியது. அதற்கு "நௌ-தராக்கே" என்று பெயர் வைத்தார்கள், மூளை மயம் என்று பொருள். இந்த இடக்குறிப்புகளில் பெரும்பாலானவற்றைச் சுமப்பவை தசைச் செல்கள் என்பது பிறகு தெரிந்தது. செடியில் ஆக்சின் ஓட்டம் செய்கிற வேலையை இங்கே தசை செய்கிறது.

இனி மூன்றாவது வேலை. இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தபோது, கண்புள்ளி வந்துவிட்டால் "மீண்டது" என்று குறித்துக்கொண்டே போனேன். நான்கு வாரம் வேலை முடிந்த பிறகு மூத்தவர் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "வெளிச்சத்தைக் கண்டு ஓடுகிறதா?" என்று மட்டும் கேட்டார். பிளனேரியா வெளிச்சத்தை வெறுக்கும். நல்ல புழு தட்டின் இருட்டுப் பக்கத்துக்கு ஓடிவிடும். நான் சோதிக்கவே இல்லை. மறுபடி வெட்டி, தினமும் விளக்கு வைத்துப் பார்த்தேன். கண் தெரிந்த முதல் நாளில் பல புழுக்கள் வெளிச்சத்தில் சாவதானமாக ஊர்ந்துகொண்டிருந்தன. அடுத்தடுத்த நாள்களில்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி ஓட ஆரம்பித்தன. நான்கு வாரப் பதிவை முழுக்கத் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன்.

பிறகு படித்தபோது 2004-லேயே அகாட்டா குழுவினர் இதை முறையாகச் செய்திருந்தது தெரிந்தது. கண்ணும் அதன் நரம்பும் உருவத்தில் முழுமையடைந்த பிறகுதான் வெளிச்சத்தை விட்டு விலகும் குணம் திரும்புகிறது. அதைவிடவும் ஆச்சரியம், அவர்கள் இரண்டு மரபணுக்களை அடக்கியபோது கண்ணும் மூளையும் பார்க்கக் குறையில்லாமல் வளர்ந்தன, ஆனால் புழு வெளிச்சத்தைத் தவிர்க்கவில்லை. உறுப்பு இருக்கிறது, வேலை இல்லை. வளர்ச்சியும் இணைப்பும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. 2020-ல் ரெட்டியனின் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கண் நரம்பு போகும் பாதையில் வழிகாட்டிக் கல் போலச் சில தசைச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கண் இல்லாவிட்டாலும் அவை தங்கள் இடத்தில் இருக்கின்றன. புது நரம்பு வந்து சேரும்போது பாதை காத்திருக்கிறது.

ஹைட்ராவில் நிலைமை இன்னும் விசித்திரம். 1970-களில் ரிச்சர்ட் கேம்பெல்லின் ஆய்வகம் கோல்ச்சிசின் என்ற மருந்தைக் கொடுத்து நரம்புச் செல்லே இல்லாத ஹைட்ராக்களை உண்டாக்கியது. அவை தானாகச் சாப்பிடாது, கையால் ஊட்ட வேண்டும். ஆனால் ஊட்டினால் வளர்ந்தன, அரும்பு விட்டன, வெட்டினால் மறுபடி முளைத்தன. உருவம் திரும்புவதற்கு அங்கே நரம்பு தேவைப்படவில்லை. நடத்தைக்குத்தான் தேவை. 2017-ல் கிறிஸ்டோஃப் டூப்ரேயும் ரஃபேல் யூஸ்தேயும் உயிருள்ள ஹைட்ராவின் எல்லா நரம்புச் செல்லும் மின்னுவதை ஒரே சமயத்தில் படமெடுத்தார்கள். ஒழுங்கற்ற வலை என்று நினைத்ததற்குள் ஒன்றோடொன்று கலக்காத தனித்தனிச் சுற்றுகள் இருந்தன, ஒன்று சுருங்க, ஒன்று நீள, இப்படி.

மூன்றாவது வேலையை ஒற்றை நரம்பு அளவில் பார்க்க வேண்டுமென்றால் சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவிடம்தான் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, இருபால் புழுவில் சரியாக 302 நரம்புச் செல்கள். யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்ற முழு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. இந்தப் புழு பிளனேரியாவுக்கு நேர் எதிர். செல்லைக் கொன்றால் புதிது வராது. ஆனால் செல் உயிரோடிருந்து அதன் நீண்ட இழையான ஆக்சானை மட்டும் வெட்டினால், சில ஆக்சான்கள் திரும்ப வளரும். 2004-ல் மெஹ்மெத் ஃபாத்திஹ் யானிக்கும் குழுவினரும் மிகக் குறுகிய லேசர் துடிப்பால் உயிருள்ள புழுவுக்குள் ஒற்றை ஆக்சானை வெட்டி, அது மீண்டும் வளர்ந்து புழு அசைவதைக் காட்டினார்கள். 2009-ல் டி.எல்.கே-1 என்ற நொதி இல்லாவிட்டால் அந்த வளர்ச்சி தொடங்குவதே இல்லை என்று தெரிந்தது. அந்த நொதியை அதிகமாக்கினால் வளர்ச்சி கூடியது.

அட்டையை விட்டுவிட்டால் பாவம். 1971-ல் டெனிஸ் பேய்லரும் ஜான் நிக்கோல்ஸும் அட்டையின் நரம்பு வடத்தை வெட்டி, சில வாரங்கள் கழித்து மின்முனை வைத்துப் பார்த்தார்கள். வெட்டுப்பட்ட உணர்வு நரம்புகள் அடுத்த நரம்புக்கணுவில் தங்கள் பழைய துணையைத் தேடிப்பிடித்து இணைந்திருந்தன. அக்கம்பக்கத்தில் தொட்டது எதோடும் ஒட்டிக்கொண்டுவிடவில்லை. ஒரு முதிர்ந்த நரம்பு மண்டலத்தால் அது முடியும் என்பதற்கு அன்றைக்கே கிடைத்த சான்று அது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது. ஒரு எச்சரிக்கையோடு ஆரம்பிக்கிறேன். செடிக்கு நரம்பு கிடையாது. "தாவர நரம்பியல்" என்ற பெயர் கிளம்பியபோது 2007-ல் 36 தாவர விஞ்ஞானிகள் சேர்ந்து மறுத்து எழுதினார்கள், அந்த மறுப்பு நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நரம்பு இல்லாவிட்டாலும் சில பொருள்கள் பொது. குளுட்டமேட் நம் மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுபோகும் பொருள். அதை ஏற்கும் புரதங்களின் உறவுக்காரப் புரதங்கள் செடியிலும் இருக்கின்றன. 2013-ல் எட்வர்ட் ஃபார்மரின் குழு, இலையைக் காயப்படுத்தினால் தொலைவிலுள்ள இலைக்குப் போகும் மின்செய்திக்கு இந்தப் புரதங்கள் தேவை என்று காட்டியது. 2018-ல் மசாட்சுகு டோயோட்டாவும் சைமன் கில்ராயும் அதைக் கண்ணாலேயே பார்க்கவைத்தார்கள். கால்சியத்துக்கு ஒளிரும் செடியின் ஒரு இலையைப் புழு கடிக்கிறது. கடித்த இடத்தில் கிளம்பும் வெளிச்சம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு வேகத்தில் குழாய்த் திசு வழியே மற்ற இலைகளுக்கு ஓடுகிறது. கடித்த இடத்தில் கசிவது குளுட்டமேட்.

அப்புறம் 2022-ல் பிர்ன்பாமின் ஆய்வகம், அதே வேர்நுனியை வெட்டுபவர்கள்தான், நரம்பியலாளர்கள் குளுட்டமேட் ஏற்பியை அடைக்கப் பயன்படுத்தும் மருந்தைச் செடிக்குக் கொடுத்தார்கள். வேர் முன்பைவிட நன்றாக மீண்டது. காயம்பட்ட செடிக்கு இரண்டு செலவுகள் இருக்கின்றன, எதிரியிடமிருந்து காத்துக்கொள்வது, இழந்ததை வளர்ப்பது. இந்தப் புரதங்கள் கையிருப்பைக் காவல் பக்கம் தள்ளுகின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தினால் வளர்ச்சி பக்கம் கை நீள்கிறது. நரம்பியல் அலமாரியிலிருந்த ஒரு மருந்துப் புட்டி தாவர ஆய்வகத்தில் புதுக் கதவைத் திறந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருப்பதன் பயன் இப்படித்தான் வரும்.

மனிதருக்கு உதவுமா? அவசரப்படாமல் சொல்கிறேன். நம் தண்டுவடத்து ஆக்சானுக்கு வளரும் திறன் அறவே இல்லை என்று முன்பு நம்பினார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு எலியின் தண்டுவடத்துக்குக் கால் நரம்பின் துண்டைப் பாலமாக வைத்தது. மைய நரம்பு ஆக்சான்கள் அந்தப் பாலத்துக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. பாலம் முடிந்து தண்டுவடத் திசு மறுபடி வந்ததும் சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன. அதாவது சூழலும் தடுக்கிறது. தழும்புத் திசுவும், ஆக்சானைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையிலுள்ள சில புரதங்களும் அந்தத் தடைகளில் சேர்த்தி என்பது தொடர்ந்து வந்த வேலைகளில் தெரிந்தது.

புழுவில் கண்ட டி.எல்.கே. பாலூட்டியிலும் இருக்கிறது. எலியின் கால் நரம்பு திரும்ப வளர அது தேவை. ஆனால் கண் நரம்பை நசுக்கினால் அதே நொதி விழித்திரை நரம்புச் செல்களைச் சாகவும் தூண்டுகிறது. ஒரு இடத்தில் மருந்து, இன்னொரு இடத்தில் நஞ்சு. "புழுவில் மரபணு கண்டுபிடிப்பு, தண்டுவட முடக்கத்துக்குத் தீர்வு" என்ற தலைப்பைப் பார்த்தால் இந்த ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். புழு நமக்குக் கொடுப்பது கேள்வியைச் சரியாகப் பிரிக்கும் வழி. அடிபட்டவரிடம் இல்லாதது செல்லா, பாதையா, பாதையைத் திறக்கும் அனுமதியா, சரியான துணையா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உயிரில் வேறு வேறு பரிசோதனை உண்டு.

ஒன்றை மட்டும் விலக்கி வையுங்கள். தலை வெட்டிய பிளனேரியா பழைய நினைவைத் திரும்பப் பெறுகிறது என்ற பேச்சு 1959-லிருந்து வந்து போய்க்கொண்டிருக்கிறது. 2013-லும் கவனமாகச் செய்த ஒரு பரிசோதனை அதற்குச் சாதகமாக வந்தது. ஆனாலும் முதல் ஆய்வேட்டை அதன் மேல் கட்டாதீர்கள், தரை இன்னும் ஆடுகிறது.

எந்தப் பக்கம் போவது என்று கேட்டீர்கள். செடி வாரக்கணக்கில் பேசும், புழு நாள்கணக்கில் பேசும், லேசரால் வெட்டிய ஆக்சான் மணிக்கணக்கில் பேசும். காத்திருக்க முடிகிறவரா நீங்கள்? திசு வளர்ப்பில் ஒரு பூஞ்சை வித்து மூன்று மாத வேலையைத் தின்றுவிடும். சுத்தமான காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசையின் முன் உட்கார்ந்து கையை ஆட்டிப் பேசுகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். பிளனேரியா ஆய்வகத்தில் நீரின் உப்பு கொஞ்சம் மாறினாலே புழுக்கள் தலை சுருங்கி அழுகும். இரண்டிலும் கைப்பழக்கம் ஒரு வருடம் கேட்கும்.

முடிவெடுக்கும் முன் செடி ஆய்வகம் ஒன்றில் இரண்டு வாரம் அனுமதி கேட்டு, வேர்நுனியை மட்டும் செய்து பாருங்கள். ஒரு தட்டில் நுனியிலிருந்து நூறு மைக்ரானில் இருபது நாற்று, இன்னொன்றில் இருநூறு மைக்ரானில் இருபது. வெட்டாத இருபதையும் பக்கத்திலேயே வையுங்கள். தட்டுகளின் பின்பக்கத்தில் எண் மட்டும் எழுதுங்கள், எது எது என்பதைத் தனியாக ஒரு தாளில் குறித்து நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் தட்டுகளைத் திருப்பி வைத்து, மறுநாள் காலை எத்தனை வேர் வளைந்தது என்று எண்ணுங்கள். முதலில் வளைவு, அப்புறம்தான் அயோடின். எண்ணி முடிக்கும்வரை அந்தத் தாளைப் பார்க்காதீர்கள்.